ஐபாடுக்குள் சுழன்ற தட்டு

கிராமபோன் ரெக்கார்டைத் தமிழ் இசைத்தட்டு என்று அழைத்தது. பல பத்தாண்டுகள் கழித்துக் கணினியின் ஹார்ட் டிஸ்க் வந்தபோது அதை வன்தட்டு என்றது. இரண்டு சொற்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகப் பிறந்தவை. ஆயினும் இரண்டிலும் இருப்பது ஒரே தட்டு. ஐபாடைப் பொறுத்தவரை இந்த ஒற்றுமை சொல்லளவில் நின்றுவிடவில்லை. அந்தக் கருவியின் பளபளக்கும் எஃகு முதுகுக்குப் பின்னால் நிமிடத்துக்கு 4,200 முறை சுழலும் ஒரு தட்டு உண்மையாகவே இருந்தது. பாட்டு அதில்தான் எழுதப்பட்டிருந்தது.

இன்று பழைய ஐபாடைத் திறந்து, அந்தத் தட்டைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் விரல்நக அளவே உள்ள மெமரி கார்டுகளைப் பொருத்துகிறவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். 30 ஜி.பி. கொள்ளளவோடு விற்கப்பட்ட கருவி அவர்கள் கையில் 256 ஜி.பி., 512 ஜி.பி. என்று விரிகிறது. தயாரித்த நிறுவனமே கைவிட்ட ஒரு கருவியில், அந்நிறுவனம் எண்ணியும் பார்த்திராத ஓர் உறுப்பு எப்படிப் பொருந்துகிறது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. அதற்கான விடை ஐபாடை விடவும் பழையது.

1.8 அங்குல வன்தட்டை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இயங்கிய இன்டெக்ரல் பெரிஃபெரல்ஸ் என்ற நிறுவனம். ஆண்டு 1991; கொள்ளளவு ஏறத்தாழ 20 எம்.பி. மடிக்கணினிகளுக்கு 2.5 அங்குலத் தட்டே போதுமானதாக இருந்ததால் இந்தச் சின்னத் தட்டுக்குப் பெரிய வேலை எதுவும் அமையவில்லை. 1990களின் இறுதியில் வன்தட்டில் பாட்டைச் சேமிக்கும் கையடக்கக் கருவிகள் தோன்றியபோதும், அவை மடிக்கணினியின் தட்டையே எடுத்துக்கொண்டன. கம்பேக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்டு, 1999இல் தென் கொரியாவின் ஹேங்கோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பெர்சனல் ஜூக்பாக்ஸ் அப்படிப்பட்டது. 2000இல் வந்த கிரியேட்டிவ் நோமட் ஜூக்பாக்ஸும், பிரான்ஸ் நாட்டு ஆர்க்கோஸ் நிறுவனத்தின் ஜூக்பாக்ஸ் 6000உம் 6 ஜி.பி. தட்டைக் கொண்டவை. நோமட் ஏறத்தாழ ஒரு சிடி பிளேயர் அளவுக்குப் பருமனாக இருந்தது. சட்டைப்பைக்கு அது ஒவ்வாதது.

ஆனால் அந்தப் பருமனில் ஒரு வசதி இருந்தது. உள்ளே இருப்பது கடையில் கிடைக்கும் மடிக்கணினித் தட்டு என்பதால், பெரிய தட்டு ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்ள முடிந்தது. பாட்டுக் கருவியின் சேமிப்பைத் தன் கையால் உயர்த்தும் பழக்கம் ஐபாடோடு தொடங்கியதன்று. ஐபாடுக்கு முன்பே இருந்தது. இந்தக் கதையை ஐபாடிலிருந்து தொடங்கிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

2001 பிப்ரவரியில் ஆப்பிளின் வன்பொருள் பிரிவுத் தலைவர் ஜான் ரூபின்ஸ்டீன் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்துக்குச் சென்றார். வழக்கமான சந்திப்புதான். அதன் முடிவில் அங்கிருந்த பொறியாளர்கள் 5 ஜி.பி. கொள்ளும் ஒரு 1.8 அங்குலத் தட்டைக் காட்டினார்கள். அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது அவர்களுக்கே தெளிவாகவில்லை. ரூபின்ஸ்டீனுக்குத் தெளிவாயிருந்தது. அந்நாளில் டோக்கியோவில் இருந்த ஸ்டீவ் ஜாப்ஸிடம் 10 மில்லியன் டாலர் தொகைக்கு ஒப்புதல் பெற்று, அந்தத் தட்டுகளைத் தனியுரிமையோடு வாங்கும் பேச்சைத் தொடங்கினார். ஒரு பொருளுக்குப் பயன் பத்தாண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. அக்டோபர் 23 அன்று ஐபாட் அறிவிக்கப்பட்டது: விலை 399 டாலர், ஆயிரம் பாட்டு, பத்து மணி நேர மின்கலம்.

எட்டே மாதங்களில் ஒரு நிறுவனம் இவ்வளவையும் தனியே படைத்துவிட முடியாது. தட்டு தோஷிபாவுடையது. மையச் சில்லும் அதை இயக்கும் அடிப்படை மென்பொருளும் போர்ட்டல்பிளேயர் என்ற சிறு நிறுவனத்துடையவை. முகப்புத் திரையின் மென்பொருளுக்கு அடித்தளம் பிக்ஸோ என்ற இன்னொரு சிறு நிறுவனத்துடையது. எஃகு முதுகுகள் ஜப்பானின் நீகாட்டா மாவட்டத்தில், உலோக வேலைக்குப் பெயர்பெற்ற த்சுபாமே நகரத்துப் பட்டறைகளில் மெருகேறின. போர்ட்டல்பிளேயரின் பொறியாளர்களில் ஒரு பகுதியினர் ஹைதராபாத்தில் இருந்தார்கள். ஐபாடின் வரலாற்றை கலிஃபோர்னியாவின் கதையாக மட்டுமே எழுதும் நூல்களில் ஹைதராபாத் ஒரு வரியில் வந்து போகிறது. சிலவற்றில் அந்த ஒரு வரியும் இல்லை. அந்தப் பொறியாளர்களின் பெயர்களைப் பொதுமக்கள் அறிய வாய்ப்பே ஏற்படவில்லை. 2007 தொடக்கத்தில் என்விடியா நிறுவனம் போர்ட்டல்பிளேயரை வாங்கிக்கொண்டது.

சுழலும் தட்டைச் சட்டைப்பையில் வைத்து நடப்பதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. தட்டு சுழன்றுகொண்டே இருந்தால் மின்கலம் விரைவில் வற்றிவிடும். அதிர்வு பட்டால் படிக்கும் முனை தடுமாறும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. முதல் ஐபாடில் 32 எம்.பி. நினைவகம் இருந்தது. தட்டு சில நொடிகள் சுழன்று, அடுத்த இருபது நிமிடங்களுக்கான பாட்டை அதில் கொட்டிவிட்டு உறங்கிவிடும். கருவியைக் காதருகே வைத்தவர்களுக்குத் தட்டு விழித்தெழும் மெல்லிய ஓசை கேட்கும், பிறகு அமைதி. பாட்டு ஒலித்த நேரத்தின் பெரும்பகுதியில் இசைத்தட்டு சுழலவே இல்லை என்பதுதான் இக்கருவியின் அடிப்படை உத்தி. தட்டை நீக்கிவிட்டாலும் கருவி இயங்கக்கூடும் என்பதற்கான முதல் குறிப்பும் அதில் ஒளிந்திருந்தது.

இரண்டாவது குறிப்பு மொழி சார்ந்தது. தட்டும் சில்லும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். தோஷிபாவின் தட்டு பேசிய மொழி ஏடிஏ. 1980களின் நடுவில் மேசைக் கணினிகளுக்காக உருவாகி, 1994இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பால் முறைப்படுத்தப்பட்ட மொழி அது. அதன் பெயரில் உள்ள ‘ஏடி’ 1984இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியிலிருந்து வந்தது. அந்தக் கணினி மறைந்து நெடுநாளான பிறகும் அதன் பெயர் ஒரு பாட்டுக் கருவியின் வயிற்றில், ஊர் அழிந்தபின் ஆளின் முன்னெழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்ப்பெயர் போல, வாழ்ந்தது.

ஆப்பிள் தனக்கென ஒரு தனி மொழியை உருவாக்கியிருக்கலாம். எட்டு மாதக் கெடுவில் அதற்கு நேரமில்லை. தோஷிபாவின் தட்டு முன்பே ஆயத்தமாயிருந்தது. ஆகவே வெளியே திருகாணி ஒன்றுகூட இல்லாமல் இறுக மூடிய பெட்டிக்குள், யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய பொது மொழி ஒன்று பேசப்பட்டது. இந்த முரண்தான் பிற்காலத்தில் நடந்த அனைத்துக்கும் காரணம். திறந்த மனப்பான்மை அன்று, அவசரமே அந்தக் கதவைத் திறந்து வைத்தது.

அந்தப் பொது மொழியின் விளைவு முதலில் தலைகீழாக வெளிப்பட்டது. 2004இல் கிரியேட்டிவ் நிறுவனம் மூவோ 2 என்ற கருவியை 4 ஜி.பி. கொள்ளளவோடு விற்றது. அதன் உள்ளே இருந்தது ஹிட்டாச்சியின் ஓர் அங்குல மைக்ரோடிரைவ். அதே மைக்ரோடிரைவைக் கடையில் தனியே வாங்கினால், அதைக் கொண்டிருந்த முழுக் கருவியின் விலையை விட அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. டிஜிட்டல் கேமரா வைத்திருந்தவர்கள் மூவோ 2ஐ வாங்கி, தட்டை உருவிக் கேமராவில் போட்டுக்கொண்டார்கள். சிலர் காலியான கருவிக்குள் சிறிய காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை ஒன்றைச் செருகினார்கள். பலாப்பழத்தை விடச் சுளைக்கு விலை அதிகமாயிருந்த காலம் அது.

அதே ஆண்டு வந்த ஐபாட் மினியிலும் ஹிட்டாச்சியின் மைக்ரோடிரைவே இருந்தது. காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை 1994இல் சான்டிஸ்க் நிறுவனம் அறிமுகப்படுத்தியபோதே ஏடிஏ மொழியைப் பேசும்படி வகுத்திருந்தது. அதனால் மினியின் தட்டு பழுதடைந்தபோது அந்த அட்டையை அதே இடத்தில் செருகினால் போதும்; கருவிக்கு வேறுபாடு தெரியவில்லை. தான் ஒரு தட்டோடு பேசுவதாகவே அது எண்ணிக்கொண்டது. ஐபாடின் சேமிப்பை ஃபிளாஷுக்கு மாற்றும் வழக்கம் மினியில்தான் வேரூன்றியது.

அதே காலத்தில் பெட்டியின் மூடிய முதுகு வேறொரு காரணத்தால் பேசுபொருளானது. 2003இன் இறுதியில் நியூயார்க்கைச் சேர்ந்த நைஸ்டட் சகோதரர்கள் ஒரு குறும்படம் வெளியிட்டார்கள்: ஐபாடின் மின்கலம் செத்துவிட்டால் மாற்ற வழியில்லை என்பதே அதன் புகார். ஆப்பிள் கட்டணம் பெற்று மின்கலம் மாற்றித் தரும் திட்டத்தை ஏறத்தாழ அதே நேரத்தில் அறிவித்தது. மின்கலம் தொடர்பான வழக்கும் தொடரப்பட்டு 2005இல் சமரசமானது. பழுதுபார்க்கும் உரிமை என்ற சொற்றொடர் இன்று சட்டமன்றங்களில் ஒலிக்கிறது. அதன் தொடக்ககாலப் பொதுச் சண்டைகளில் ஒன்று இந்தச் சிறு மின்கலத்தைச் சுற்றி நடந்தது.

இடையே தட்டும் வளர்ந்தது. அதன் வளர்ச்சிக்குப் பின்னால் இருந்த அறிவியல் சிறிதன்று. 1997 முதல் வன்தட்டுகளின் படிப்பு முனைகளில் பயன்பட்ட பெருங்காந்தத் தடை விளைவைக் கண்டறிந்த ஆல்பெர் ஃபெர்ட், பீட்டர் க்ருன்பெர்க் இருவருக்கும் 2007இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. காந்தத் துகள்களைப் படுக்கைவாட்டில் எழுதாமல் செங்குத்தாக எழுதினால் மேலும் நெருக்கமாக எழுதலாம் என்ற முறையை ஜப்பானின் சென்டாய் நகரத்துத் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷுனிச்சி இவாசாக்கி 1970களிலேயே முன்வைத்திருந்தார். அது விற்பனைப் பொருளாக முதலில் வெளிவந்தது 2005இல், தோஷிபாவின் 1.8 அங்குலத் தட்டில். ஏறக்குறைய முப்பதாண்டு ஆய்வின் பலன், பாட்டுக் கேட்கும் பெட்டிகளுக்கான தட்டில் முதலில் வந்து அமர்ந்தது. 2001இல் 5 ஜி.பி.யாக இருந்த ஐபாட் 2009இல் 160 ஜி.பி. கொண்டது.

அந்த 160 ஜி.பி.யோடு வளர்ச்சி நின்றது. ஆப்பிளின் கவனம் வேறு திசைக்குப் போயிருந்தது. 2005இல் மினியின் இடத்தைப் பிடித்த நானோவில் தட்டு இல்லை; ஃபிளாஷ் சில்லுகள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தன. கழற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. வாங்கும் நாளில் எவ்வளவோ, இறுதிவரை அவ்வளவே. ஐஃபோனும் அவ்வழியே வந்தது. சேமிப்பின் அளவை வாங்குகிறவர் பிறகு மாற்ற முடியாது, விற்கும்போதே அதற்கு விலை வைக்கலாம் என்ற ஏற்பாடு இப்படித்தான் இயல்பாகிப்போனது.

2014 செப்டம்பரில் ஐபாட் கிளாசிக் ஓசையின்றி விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கான உறுப்புகள் உலகில் எங்குமே கிடைக்கவில்லை என்று டிம் குக் அடுத்த மாதம் விளக்கம் தந்தார். மடிக்கணினிகள் திடநிலைச் சேமிப்புக்கு மாறியபின் 1.8 அங்குலத் தட்டைச் செய்வதில் யாருக்கும் ஆதாயம் இருக்கவில்லை. தட்டு இல்லாததால் கருவியும் இல்லை என்பது நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் அடுத்த பத்தாண்டில் பழைய ஐபாடுகளை வைத்திருந்தவர்கள் ஏற்க மறுத்தார்கள்.

மைக்ரோ எஸ்டி கார்டுகள் மலிவாயின. ஆனால் அவை ஏடிஏ பேசுவதில்லை. ஆகவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். தட்டின் அளவுக்குள் அடங்கும் சிறு பலகை. அதில் எஸ்டி மொழியை ஏடிஏ மொழிக்கு மாற்றும் ஒரு சில்லு. ஒரு பக்கம் கார்டு செருகும் குழி, மறுபக்கம் ஐபாடின் பட்டை இணைப்புக்கான வாய். ஐஃபிளாஷ் என்ற பெயரில் வரும் பலகைகள் இவ்வகையில் அதிகம் அறியப்பட்டவை. அவற்றில் ஒன்று நான்கு கார்டுகளை ஏற்று, அவை அனைத்தையும் ஒரே தட்டாகக் கருவிக்குக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தவராயிருந்தால், மூலத்தைப் பேசுகிறவர் யார் என்பதே கேட்பவருக்குத் தெரிவதில்லை. ஐபாட் இன்னும் ஒரு தட்டு சுழல்வதாகவே நம்புகிறது.

இருப்பினும் மொழிக்கு அதன் எண்ணுப்பெயர்களே எல்லையாகும். பழைய ஏடிஏவில் தட்டின் ஒவ்வொரு கூறுக்கும் 28 பிட் எண்ணால் முகவரி தரப்பட்டது. 512 பைட் கொண்ட கூறுகளாக அவ்வாறு எண்ணினால் 128 ஜி.பி.க்கு மேல் எண்ணச் சொல் இல்லை. 2002இல் வந்த ஏடிஏ 6 என்ற திருத்தம் 48 பிட் எண்ணைத் தந்தது. 2005ஆம் ஆண்டின் ஐந்தாம் தலைமுறை ஐபாடுக்கு இந்தப் பெரிய எண் தெரியும். 2009ஆம் ஆண்டின் கிளாசிக்குக்கும் தெரியும். இடையில் வந்த 2007, 2008ஆம் ஆண்டுக் கிளாசிக்குகளில் இந்தக் கார்டுப் பலகைகள் 128 ஜி.பி.யைத் தாண்டுவதில்லை. பழைய ஐபாட் வாங்குகிறவர்கள் முதுகில் உள்ள மாதிரி எண்ணையும் ஆண்டையும் உற்றுப் பார்ப்பது இதனால்தான்.

இன்னோர் எல்லை உள்ளது. அது மேலும் கறாரானது. ஐபாட் தன்னிடம் உள்ள பாட்டுகளின் பட்டியலை நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்கிறது. அந்த நினைவகம் பலகையில் பற்றவைக்கப்பட்டது. ஐந்தாம் தலைமுறையில் 30 ஜி.பி. கருவிகளுக்கு 32 எம்.பி., பெரியவற்றுக்கு 64 எம்.பி. நூலகத்தில் அலமாரிகளை எவ்வளவு பெருக்கினாலும் அட்டவணைப் பெட்டி பழைய அளவிலேயே இருப்பது போன்றது இது. பாட்டுகளின் எண்ணிக்கை சில பத்தாயிரங்களைத் தொடும்போது கருவி திணறுகிறது, சில வேளை மீண்டும் மீண்டும் தானே அணைந்து எழுகிறது. ஒரு டெராபைட் பொருத்தினோம் என்று மகிழ்கிறவர்களிடம் இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை.

இந்த எல்லையைக் கடப்பதற்கான வழி ஐபாடுக்கு வெளியே பிறந்தது. ஆர்க்கோஸ் கருவியின் மென்பொருள் பிடிக்காத சுவீடன் நாட்டு நிரலாளர்கள் சிலர் 2001இன் இறுதியில் ராக்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அது சில ஆண்டுகளில் ஐபாடுக்கும் வந்து சேர்ந்தது. கோப்புறைகளை அப்படியே திறந்து பாட்டுக் கேட்க அது இடம் தருவதால் பட்டியலின் நெருக்கடி தளர்கிறது. ஐபாடுக்குள் வேற்று மென்பொருளை ஏற்றுவது எளிதாக இருந்ததில்லை. நான்காம் தலைமுறைக் கருவியின் தொடக்க நிரலைப் படிக்க வழியின்றிப் பலரும் திகைத்திருந்தபோது, 2005இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு மாணவர் அந்நிரலைக் கருவியின் ‘டிக்’ ஒலிகளாக மாற்றி ஒலிக்கவைத்தார். கருவியை ஓசை புகாத பெட்டிக்குள் வைத்து, ஒலிவாங்கியால் அந்த டிக்குகளைப் பதிந்து, மீண்டும் நிரலாக்கினார். பாட்டைச் சொல்லவென்று செய்யப்பட்ட பொறி தன் உள்ளத்தையும் ஒலியாகவே சொன்னது.

இவ்வளவு முயற்சி எதற்கு, கைப்பேசியிலேயே எல்லாப் பாட்டும் இருக்கிறதே என்று கேட்கலாம். 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபையில் ஜீ மியூசிக் நிறுவனத்தின் பாடல்கள் திடீரென மறைந்தன. உரிம ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததே காரணம். ஏராளமான இந்தித் திரைப்பாடல்கள் ஒரே நாளில் பட்டியல்களில் சாம்பல் நிறமாயின. கேட்டவர்களில் மாதந்தோறும் கட்டணம் செலுத்தியவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களிடம் பாட்டு இருந்ததில்லை. கேட்கும் அனுமதியே இருந்தது. பழைய ஐபாடில் கார்டு பொருத்துகிறவரிடம் இருப்பதோ தாமே சிடியிலிருந்து எடுத்த கோப்பு, கச்சேரியில் பதிந்த ஒலிநாடாவிலிருந்து மாற்றிய கோப்பு, எந்தத் தளத்திலும் ஏறாத பதிவு. அதை மறையச் செய்யும் அதிகாரம் வேறெவர் கையிலும் இல்லை.

வேலை கடினமன்று, ஆனால் பொறுமை வேண்டும். ஐந்தாம் தலைமுறைக் கருவியின் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி நகர்த்தினால் உட்பற்றிகள் ஒவ்வொன்றாக விடுபடும். முகப்பும் உலோகமாக உள்ள கிளாசிக் இவ்வளவு எளிதில் இணங்காது. விளிம்பு நெளியாமல் திறந்தவர்கள் குறைவு. திறந்தவுடன் இரண்டு பாதிகளையும் வெடுக்கெனப் பிரிக்கக்கூடாது. மின்கலத்தின் பட்டையும் ஹெட்ஃபோன் துளையின் பட்டையும் முதுகையும் பலகையையும் இணைத்திருக்கும். அவை காகிதம் போலக் கிழியும். அவற்றை விடுவித்து, தட்டின் இணைப்பில் உள்ள சிறு நெம்பியைத் தூக்கி, பட்டையை உருவி, புதிய பலகையில் செருகி, நெம்பியை அழுத்தினால் முடிந்தது. ஐபாடின் இயங்கு மென்பொருளும் தட்டிலேயே இருந்ததால் புதிய கார்டோடு எழும் கருவி எல்லாவற்றையும் மறந்திருக்கும். கணினியோடு இணைத்து மீட்டமைத்த பின்னரே அது பேசத் தொடங்கும்.

மின்கலம் முன்பை விட நீண்ட நேரம் தாங்குகிறது. சுழற்ற வேண்டியது எதுவும் இல்லை அல்லவா. எடையும் குறைகிறது, முதல் ஐபாடின் தட்டு மட்டுமே 50 கிராம் அளவில் இருந்தது. ஆங்கிலத்தில் இந்தப் புதிய உறுப்பையும் டிரைவ் என்றே அழைக்கிறார்கள், ஓட்டுவதற்கு எதுவும் இல்லாதபோதும். தமிழ் நிரலாளர்கள் பேச்சில் அதுவும் வன்தட்டு என்றே வழங்குவதைக் கேட்கலாம்.

தட்டு நீங்கிய இடத்தில் வெற்றிடம் மிஞ்சுகிறது. தடித்த முதுகுள்ள பழைய கருவிகளில் அங்கே பெரிய மின்கலம் ஒன்றை வைக்கிறார்கள். சிலர் புளூடூத் பலகையைச் சேர்க்கிறார்கள். சிலர் சக்கரத்தைச் சுழற்றும்போது விரலில் அதிர்வு தரும் சிறு மோட்டாரைப் பொருத்துகிறார்கள். ஒன்றும் சேர்க்காதவர்கள் பலகை ஆடாமலிருக்கச் சிறு நுரைத்துண்டை வைக்கிறார்கள். தட்டை அதிர்விலிருந்து காக்கவென்று அதன் ஓரங்களில் மாட்டியிருந்த நீல நிற ரப்பர்ப் பட்டைகளைச் சிலர் எறிந்துவிடாமல் உள்ளேயே விட்டுவைக்கிறார்கள். அவை இப்போது எதையும் தாங்கவில்லை.